சவரிமுத்து வீட்டுக் கூறு

எங்கள் அப்பா சவரிமுத்து சாகும்போது ஒரு கூறு கறிக்குக் கடன் வைத்துவிட்டுப் போனார். ஐந்து ரூபாய். ஊரில் வேறு யாருக்கும் அவர் ஒரு காசு பாக்கி வைக்கவில்லை. இதை மட்டும் வைத்தார். என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூறு என்றால் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. கீரனூரிலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்குத் தனியாகக் கறி எடுக்கிற தெம்பு எந்த வீட்டுக்கும் கிடையாது. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு கிடா பிடிப்பார்கள். விடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அறுத்து, வாழையிலையைப் பரப்பி, தொடை, ஈரல், எலும்பு, கொழுப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வீட்டுக்கு ஒரு குவியல் வைப்பார்கள். அந்தக் குவியல்தான் கூறு. தொம்மை பெரியப்பா என்று ஒருவர் கைப்பணம் போட்டுக் கிடா வாங்கி வருவார். வீட்டுப் பெயரை அவர்தான் கூப்பிடுவார். கூப்பிட்டவர்கள் போய் அள்ளிக்கொள்ள வேண்டும். தை அறுவடைக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்பா ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூறு எடுத்தார். அறுவடை வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். எல்லா வீட்டையும் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். சவரிமுத்து வீட்டுக்குப் பழைய பாக்கி நிற்கிறது என்று புளியமரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் தொம்மை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா வைத்தது கருவாட்டுக் குழம்பு. தங்கச்சி சந்தனமேரி கறி எங்கே, கறி எங்கே என்று கேட்டு அழுதுகொண்டே சாப்பிட்டது. தம்பி ஜெபக்குமார் கைக்குழந்தை, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்கு மேல் படித்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கினார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். அந்த வருசமே ஜெகதாப்பட்டினத்துக்குப் போய் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். பாளம் பாளமாக வருகிற ஐஸை உடைத்துப் படகுக்கு ஏற்ற வேண்டும். கை மரத்துப் போய், சாயங்காலம் சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது. அப்படிச் சம்பாதித்து மீசை முளைக்கிற வயதில் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தேன். நேராகப் புளியமரத்தடிக்குப் போனேன். அப்பா வைத்த ஐந்து ரூபாயும் அதற்கு வட்டியாக இன்னொரு ஐந்தும் சேர்த்து எல்லார் முன்னாலும் தொம்மையிடம் நீட்டினேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"செத்தவன் கடன அன்னிக்கே தள்ளுபடி பண்ணியாச்சுடா. ஒன் காசு எனக்கு எதுக்கு? கறி வேணும்னா சும்மா எடுத்துக்கிட்டுப் போ."

ஒரு குவியலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்தக் கறியைத் தொடவில்லை. பத்து ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பாக்கி வைத்ததைச் சொல்லித் திட்டியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கொடுக்கப் போனதை வாங்காமல் விட்டார் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது. என் வீட்டு முற்றத்தில் என் காசில் கிடா அறுப்பேன், ஊரில் ஒருத்தனிடமும் கூறு கேட்டு நிற்க மாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்ததைச் செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொன்னால் விடிந்துவிடும். ஐஸ் கம்பெனியில் நின்றபடியே மீன் வியாபாரம் பழகினேன். கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றி, கீரனூரில் இறக்கி, அங்கிருந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன். மழை, வெயில் பார்க்கவில்லை. சைக்கிள் பழைய வேன் ஆனது, ஒரு வேன் மூன்று ஆனது. கடைவீதியில் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டேன். சந்தனமேரியை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். ஜெபக்குமாரைப் படிக்க வைத்து வாத்தியாராக்கினேன். எவன் கையையும் எதிர்பார்க்கவில்லை. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

முற்றத்தில் முதல் கிடாவை அறுத்தபோது தொம்மை உயிரோடு இருந்தார். சந்தனமேரி ஓர் இலையில் கறியைக் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவா என்று கேட்டது. கொடு என்றேன். அவர் வாங்கிக்கொண்டாராம். வெட்கமில்லாதவர்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் ஊரே பார்க்கும். ஒரே பீஸில் துணி எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தைப்போம். கூட்டத்தில் தொலைந்தாலும் என் பேரைச் சொல்லி, இது சூசைராஜ் வீட்டுப் பிள்ளை என்று துணியை வைத்தே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். குடிலுக்குள் புல் மாதிரி நிற்கட்டும் என்று முன்கூட்டியே மண்சட்டியில் கேழ்வரகு முளைக்கப் போடுவோம். மூங்கில் சிம்பு கட்டி, கலர் காகிதம் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு வைத்த ஸ்டார், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி ராசாத்தி இருந்தவரைக்கும் அதிரசத்துக்கு அவளே மாவு இடிப்பாள். இப்போது எல்லாம் மாறிவிட்டது. ஸ்டார் சீரியல் லைட்டோடு பெட்டியில் வருகிறது. கேக்கு திருச்சியிலிருந்து வருகிறது. பிள்ளைகள் இந்த வருசம் சிவப்பு, அடுத்த வருசம் பச்சை என்று போனிலேயே பேசி முடிவு செய்து உடுத்திக்கொண்டு வந்து போட்டோ எடுக்கிறார்கள். எது வேண்டுமானாலும் மாறட்டும் என்று விட்டுவிட்டேன். கிடா மட்டும் மாறவில்லை. இரண்டு கிடா, என் முற்றம், என் காசு. யாரும் ஒரு பைசா போடக்கூடாது.

இலையில் கறி விழுந்ததும் நான் எழுந்து நின்று தொம்மை கதையைச் சொல்லுவேன். அதுவும் எங்கள் வீட்டு வழக்கம். "இது ஒங்க தாத்தா சவரிமுத்து வீட்டுக் கூறு, பாக்கி இல்லாத கூறு, சாப்பிடுங்க" என்று முடிப்பேன். அப்புறம்தான் எல்லாரும் கை வைப்பார்கள். ஜெபக்குமார் மகள் அன்புமொழி சின்ன வயதிலிருந்தே என்கூடச் சேர்ந்து வாயசைக்கும். எத்தனை பிரியம் பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கிடா எல்லாம் உடையப்பனிடம்தான் வாங்குவது. பக்கத்து ஊர் விவசாயி. ஐப்பசியிலேயே விலை பேசி, கிறிஸ்துமஸ் வரை அவனே தீனி போட்டு வளர்த்துத் தருவான். நானே போய், முதுகைத் தடவி, இடுப்பைப் பிடித்துப் பார்த்துப் பேசுவேன். கடைசியாக நான் பேசியது இரண்டும் சேர்த்துப் பதினைந்தாயிரம். அதற்கப்புறம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. மகன் செந்தமிழனிடம் வேன்களைக் கொடுத்துவிட்டு, கடை வாடகையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். கிடா பேசவும் அவனையே அனுப்பினேன்.

முதல் வருசம் போய்விட்டு வந்து, முப்பதுக்குக் குறையாதாம் அப்பா என்றான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஆட்டுக்காரனிடம் பேரம் பேசத் தெரியாதவன் எப்படி மூன்று வேனைக் கட்டி மேய்ப்பாய் என்று மருமகள் ஷர்லி முன்னாலேயே கேட்டுவிட்டேன். பதினைந்தாயிரத்தைக் கையில் திணித்து, இதற்கு மேல் ஒரு ரூபாய் சொன்னால் நீ என் மகன் இல்லை, போய்ப் பேசிவிட்டு வா என்றேன். மறுநாள் வந்து, நீங்கள் சொன்ன விலைக்கே முடித்துவிட்டேன் என்றான். தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், என் மகனுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று. அடுத்த வருசமும் பதினைந்து. இந்த வருசமும் பதினைந்து. பந்தியில் உடையப்பனைப் பார்த்து, நீதான்யா மனுசன் என்பேன். அவனும் கறியைக் கடித்துக்கொண்டே, ஒங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குண்ணே என்பான்.

இந்த வருசம் உடையப்பன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மகரசோதிக்குப் போகிறானாம். அதனால் பந்தியில் உட்காரவில்லை. கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வாசல் வேம்படியில் நின்று, அவன் பெண்சாதி பரிமளா கேட்டு அனுப்பிய அதிரசத்தை வாங்கிக்கொண்டிருந்தான். உள்ளே முற்றத்தில் பந்தி. தம்பி வீடு, தங்கச்சி வீடு, அவர்கள் பிள்ளைகளில் கல்யாணம் ஆனவர்கள், பேரன் பேத்தி என்று நிறைந்து கிடந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது. குடும்பம் பெருகிவிட்டது, அடுத்த வருசம் மூன்று கிடா போட்டால்தான் காணும் என்று தோன்றியது. தோன்றினால் நான் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"உடையப்பா, அடுத்த வருசத்துக்கு மூணு கிடா. ஒண்ணு ஏழாயிரத்து ஐந்நூறுதான், அதே வெல. இந்தா, அட்வான்ஸ் புடி."

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. என் தோளுக்கு மேலே முற்றத்தைப் பார்த்தான். திரும்பினால் செந்தமிழன் குழம்பு வாளியோடு நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா அங்கிட்டு பாக்குற, நான் இங்கிட்டுல்ல நிக்கிறேன்" என்றேன்.

உடையப்பன் கழுத்தில் கிடந்த மாலையைத் தொட்டுக்கொண்டான்.

"வேற நாளா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருவேண்ணே. மாலையோட நின்னு பொய் வாக்குக் குடுக்க முடியாது. அந்த வெலைக்கு இன்னிக்குக் குட்டிகூட வராது."

"அப்ப இந்தக் கிடா?"

"ஒண்ணு இருபதுண்ணே. நாப்பதாயிரம் முழுசா வந்திருச்சு. சந்தனமேரி அக்காதான் மீதிய அனுப்பிவிட்டாங்க. போன வருசமும் அப்படித்தான். என்னயத் தப்பா நெனைக்காதீங்க."

அதிரசத் தட்டை அவன் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. நான்தான் போகச் சொன்னேன்.

முற்றத்துக்கு வந்தேன். சாப்பாட்டுச் சத்தம் அடங்கியிருந்தது. யார் போட்ட பணம் என்று கேட்டேன். செந்தமிழனைப் பார்த்தேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். ஐந்து வீடு, இந்த வருசம் வீட்டுக்கு ஐயாயிரம். ஜெபக்குமார், சந்தனமேரி, அவள் மகன், அன்புமொழி, அப்புறம் இவன். எல்லாரும் போனிலேயே அத்தைக்கு அனுப்பிவிடுவார்களாம். அத்தை உடையப்பனுக்கு அனுப்பிவிடுமாம். இது மூன்றாவது வருசமாம்.

அவ்வளவு பேரும் சேர்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே, எங்கே பேசினீர்கள் என்றேன். அன்புமொழியின் சின்ன மகன்தான் வாயில் கறியோடு பதில் சொன்னான், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது என்று. அதன் பெயர் 'பெரியப்பா கிடா'. பெரியப்பா நான்தான். அன்புமொழி அவன் தொடையில் கிள்ளியது. யாரோ ஒருத்தர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. புளியமரத்தடியில் சிரித்தார்கள் அல்லவா, அதே சிரிப்பு. இந்தத் தடவை என் சோற்றைத் தின்றுகொண்டு சிரித்தது. என் சோறுகூட இல்லை, அவர்கள் சோறு.

மூன்று வருசம் இதே இடத்தில் நின்று பாக்கி இல்லாத கூறு என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அன்புமொழி வாயசைத்தது பிரியத்தில் இல்லை.

ஜெபக்குமார் கையைக் கழுவாமலே எழுந்து வந்தான். நான் படிக்க வைத்த தம்பி. என் மனசு கோணக்கூடாது என்றுதான் செய்தார்களாம். வயதான காலத்தில் என்னிடம் போய் நாற்பதாயிரம் எப்படிக் கேட்பது என்றானாம் ஒருத்தன், பாவம் அண்ணன் சந்தோசமாக இருக்கட்டும் என்றானாம் இன்னொருத்தன். பாவம் என்ற சொல்லை என் முற்றத்தில் நின்று என்னிடமே சொல்கிறான்.

"வாத்தியாரு வேலைக்கு நான் பணம் கட்டுனப்ப ஒன்கிட்ட மறைச்சா கட்டுனேன்? மூஞ்சிக்கு நேரா குடுத்தேன்டா. நீயும் மூஞ்சிக்கு நேரா வாங்குன" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். செந்தமிழன் குனியவில்லை.

"மொத வருசம் மூஞ்சிக்கு நேராத்தானப்பா வெல சொன்னேன். என்ன பேச்சுப் பேசுனீங்க?"

"பேசுனா, ரெண்டு நாளு பேசிட்டு விட்டிருப்பேன். வெலைய ஒத்துக்கிட்டிருப்பேன். நீ என்னய மூணு வருசம் கோமாளியா நிக்க வச்சிருக்க."

அவன் ஏதோ சொல்ல வந்தான். ஷர்லி அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது.

நான் என் அறைக்குள் போனேன். பீரோவில் என் சாவுச் செலவுக்கு என்று பணம் வைத்திருந்தேன். பெட்டிக்கு, குழிக்கு, பூசைக்கு, வருகிறவர்களுக்குக் காப்பித் தண்ணிக்கு என்று வாடகைக் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. என்னை அடக்கம் பண்ணக்கூட எவனும் கையை விட்டுப் போடக்கூடாது என்பது என் கணக்கு. இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றி, அதிலிருந்து இருபத்தைந்தாயிரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சந்தனமேரி அடுப்படிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தது. கறி எங்கே என்று அழுத பிள்ளை, இன்றைக்கு நரைத்த தலையோடு கையில் கரண்டி வைத்திருந்தது. இவர்கள் எல்லாரும் செய்ததைவிட அது செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர்களில் விவரம் தெரிந்தவள் அது ஒருத்திதான் பாக்கி.

"நீயுமா, மேரி?"

"நானுந்தாண்ணே" என்றது. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

இந்த வருசத்துக் காசு இது, எடுத்து அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடு என்று நோட்டுக் கட்டை நீட்டினேன். பின்னாலிருந்து ஜெபக்குமார் ஓடி வந்து குறுக்கே கையை வைத்தான். அண்ணன் சாவுக்கு வைத்திருக்கிற பணம், அதைப் போய் வாங்கலாமா, வாங்காதே அக்கா என்றான். செந்தமிழனும், அத்தே, வேண்டாம் என்றான். எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

சந்தனமேரி கரண்டியை அண்டாமேல் வைத்தது. ஜெபக்குமார் கையை ஒதுக்கிவிட்டது.

"தள்ளு. தொம்மை பெரியப்பா பண்ணுன வேலய என்னயும் பண்ணச் சொல்றியா?"

ஜெபக்குமார் நகர்ந்தான். முன் இரண்டு வருசக் காசும் பாக்கி நிற்கிறது, அதையும் தந்துவிடுவேன், வாடகை வர வர மாசாமாசம் தருவேன், ஒரு பைசா நிற்காது என்று சத்தமாகச் சொன்னேன். பந்தியில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"சரிண்ணே. மாசப் பொறப்புக்கு வாரேன். எடுத்து வச்சிரு" என்றது. "இத எண்ணிக் குடு. கட்டா வாங்க மாட்டேன்."

முந்தானையில் கையைத் துடைத்தது. துடைத்த கையை விரித்து என் முன்னால் நீட்டியது. முற்றத்தில் ஒருத்தரும் சாப்பிடவில்லை, எல்லார் இலையிலும் கறி ஆறிக்கொண்டிருந்தது. நான் நாக்கில் விரலைத் தொட்டு, முதல் நோட்டைப் பிரித்து, ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லி அந்தக் கையில் வைத்தேன். இரண்டு. மூன்று. ஐஸ் உடைத்த விரல்கள், இன்னும் சரியாக மடங்காது, மெதுவாகத்தான் எண்ண வந்தது. கடைசி நோட்டை வைக்கிறவரைக்கும் அது கையை மடக்கவே இல்லை.